தெருச் செஸ்ஸும் போட்டிச் செஸ்ஸும்

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், சிம்மக்கல்)



நம் ஆண்டு மலரில் கவிதை வரும், துணுக்கு வரும், சுற்றுலா அனுபவம் வரும். விளையாட்டு என்றால் கபடி, கிரிக்கெட், வாலிபால் அணிகளின் புகைப்படங்கள் வரும். செஸ் அணிக்குப் புகைப்படம் எடுத்தால் நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும், அதில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் "நீ செஸ் பத்தி உருப்படியா ஏதாச்சும் எழுதிக் குடு" என்று பேரவைச் செயலாளர் அண்ணன் சொன்னபோது, புகழ்ச்சியாக எழுதாமல் ஒரு பாடமாக எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

பாடத்தின் தலைப்பு இதுதான். நாம் விடுதியிலும் தெருவிலும் ஆடும் செஸ் வேறு, போட்டியில் ஆடும் செஸ் வேறு. பலகை ஒன்று, காய் ஒன்று. ஆனால் விதி ஒன்றல்ல. இது தெரியாமல் போட்டிக்குப் போகிறவன் நன்றாக ஆடியும் தோற்று வருகிறான்.

பெயரிலேயே குழப்பம்

எங்கள் சிம்மக்கல் பகுதியில் பார்சல் ஆபீஸ் திண்ணையில் மத்தியானம் லோடு இல்லாத நேரத்தில் செஸ் நடக்கும். என் அப்பாவும் அங்கே சுமை தூக்குகிறவர்தான். நான் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையில். மூலையில் நிற்பது அங்கே யானை, புத்தகத்தில் கோட்டை. பிஷப்பை ஒருவர் மந்திரி என்பார். இன்னொருவர் ராணியையே மந்திரி என்பார். "மந்திரிய எடுறா" என்றால் எதை எடுப்பது என்று புதிதாக வந்தவன் முழிப்பான். (இக்கட்டுரையில் ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன்.)

அங்கே ஒரு பெரியவர், ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரைப் பாய்ச்சல் உண்டு என்று ஆடுவார். நாங்கள் சிரிப்போம். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அது அவர் கற்பனை செய்த விதி அல்ல. பழைய இந்திய ஆட்டமுறையில் ராஜாவுக்கு அந்தப் பாய்ச்சல் உண்டு. சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். இன்றைய கேஸ்லிங் அதில் கிடையாது.

அந்த இந்திய முறையில் ஆடிப் பழகிய ஒருவர்தான் மீர் சுல்தான் கான். அன்றைய பஞ்சாபைச் சேர்ந்தவர். ஐரோப்பிய விதிகளைப் பிற்பாடு கற்றுக்கொண்டு, இங்கிலாந்து சென்று, 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்காவை 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வென்றார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2024-ல்தான் உலக செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. தெரிந்த ஆட்டத்தை விடாமல் புது விதியையும் கற்றுக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரே சாட்சி.

ஏன் ஒரே விதி வேண்டும்?

இயந்திரவியல் மாணவனுக்கு இது எளிதாகப் புரியும். எம்10 போல்ட் கோயம்புத்தூரில் செய்தது, நட்டு லூதியானாவில் செய்தது. இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறுகிறது. ஏன்? வழக்கமான எம்10 மரைக்குப் பிட்ச் 1.5 மில்லிமீட்டர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதால். நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் நாமே ஒரு பிட்ச் வைத்து மரை வெட்டினால் அது தப்பான மரை அல்ல. ஆனால் வெளியில் வாங்கிய நட்டு அதில் ஏறாது.

தெரு விதியும் அப்படித்தான். தெருவுக்குள் ஏறும், வெளியில் ஏறாது. 1924-ல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஃபிடே என்னும் உலக செஸ் கூட்டமைப்புதான் இன்று உலகத்துக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுக்கிறது. நான் கீழே சொல்பவை 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பின்படி.

திண்ணை விதியும் புத்தக விதியும்

1. இரண்டு சிப்பாய் திறப்பு: "முதல் ஆட்டத்துக்கு ரெண்டு சிப்பாய ஒரு ஒரு கட்டம் தள்ளிக்கலாம்" என்பது திண்ணை விதி. போட்டியில் ஒரு முறைக்கு ஒரே காய்தான். சிப்பாய் தன் முதல் நகர்வில் விரும்பினால் இரண்டு கட்டம் போகலாம்.

2. சிப்பாய் கடைசிக் கட்டம் அடைந்தால்: வெட்டுப்பட்ட காயைத்தான் திரும்ப எடுக்கலாம் என்பது நம் வழக்கம். ராணி பலகையில் இருந்தால் யானையோ குதிரையோதான் கிடைக்கும். புத்தக விதியில் அப்படி எதுவும் இல்லை. ராணி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவது ராணி, மூன்றாவது ராணி வைக்கலாம்.

3. கேஸ்லிங்: "ஒரு தடவை செக் வாங்கிட்டா அப்புறம் கோட்டை கட்ட முடியாது" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! தவறு. செக் இருக்கும் அந்த நேரத்தில் கூடாது. செக்கை ராஜா நகராமல் தடுத்துவிட்டால் பிறகு தாராளமாகச் செய்யலாம். ராஜா தாண்டிப் போகும் கட்டமும், போய் நிற்கும் கட்டமும் எதிரியின் தாக்குதலில் இருக்கக் கூடாது. யானை தாக்குதலில் இருந்தால் தடை இல்லை. ராஜாவோ அந்த யானையோ முன்பே நகர்ந்திருக்கக் கூடாது, நடுவில் காய் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

4. ஆன்பஸான்: நம் சிப்பாயின் பக்கத்துக் கட்டத்தில் எதிரிச் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி வந்து நின்றால், அது ஒரு கட்டம் மட்டும் வந்ததாக வைத்து வெட்டலாம். உடனே அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும். திண்ணையில் இதைச் செய்தால் "என்னடா மாப்ள, ஏமாத்துறியா?" என்று சண்டை வரும். போட்டியில் இது முழு உரிமை.

5. ராஜாவை வெட்டுவது: எதிரி செக்கைக் கவனிக்காவிட்டால் நாம் ராஜாவை லபக் என்று எடுத்து ஜெயித்ததாகச் சொல்வோம். போட்டியில் ராஜாவை வெட்டவே கூடாது. எதிரி செய்தது விதிமீறிய நகர்வு. அதற்குத் தண்டனை வேறு. பின்னால் சொல்கிறேன்.

6. "செக்" என்று சொல்வது: திண்ணையில் கத்திச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செல்லாது. போட்டி விதியில் செக் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. "அவன் செக் சொல்லலை சார்" என்று முறையிட்டுப் பயன் இல்லை. நம் ராஜாவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. தனி ராஜாவுக்குக் கணக்கு: எதிரியிடம் ராஜா மட்டும் மிஞ்சினால் 21 நகர்வுக்குள் மேட் செய்ய வேண்டும், இல்லையென்றால் டிரா என்று எண்ணுவோம். இதை ஆராய்ந்து பார்த்தேன். எதிரி எவ்வளவு சிறப்பாகத் தப்பித்தாலும் ராஜாவும் ராணியும் சேர்ந்து 10 நகர்வில் மேட் செய்ய முடியும். ராஜாவும் யானையும் என்றால் 16. இரண்டு பிஷப் என்றால் 19. இதுவரை 21 போதும். ஆனால் ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும் என்றால் 33 நகர்வு வரை தேவைப்படலாம். திண்ணை விதியில் அந்த வெற்றி அநியாயமாக டிரா ஆகிவிடும். புத்தக விதி என்னவென்றால், சிப்பாய் நகர்வோ வெட்டோ இல்லாமல் இருவரும் தலா 50 நகர்வு ஆடியிருந்தால் டிரா கேட்கலாம். கேட்காமலே 75 ஆகிவிட்டால், கடைசி நகர்வு மேட்டாக இல்லாத பட்சத்தில், தானாகவே டிரா.

8. ஸ்டேல்மேட்: ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் எந்தக் காயையும் விதிப்படி நகர்த்த வழியும் இல்லை. "நகர முடியலைல்ல, அப்ப தோல்விதான்" என்பது சிலர் வாதம். போட்டியில் அது டிரா. தோற்கிற ஆட்டத்தை இதை வைத்துக் காப்பாற்றியவர்கள் ஏராளம்.

9. ஒரே நிலை மூன்று முறை: அதே காய்நிலை, அதே ஆள் நகர்த்தும் முறை, மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம். தொடர்ந்து மூன்று முறை வர வேண்டும் என்பதில்லை, இடையில் வேறு நகர்வு வந்திருக்கலாம். ஐந்து முறை வந்தால் கேட்காமலே டிரா.

தொட்டது தொட்டதுதான்

திண்ணைச் செஸ்ஸுக்கும் போட்டிச் செஸ்ஸுக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இது. காயைத் தூக்கி, நாலு இடத்தில் வைத்துப் பார்த்து, "இரு இரு, வேணாம்" என்று திரும்ப வைப்பது நம் பழக்கம். போட்டியில் வேண்டுமென்றே தொட்ட காயை, நகர்த்த முடியுமானால் நகர்த்தியே ஆக வேண்டும். எதிரியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் வெட்டியே ஆக வேண்டும். கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் அந்த நகர்வு முடிந்தது. மாற்ற முடியாது.

காய் கோணலாக இருந்தால் சரிசெய்யலாம். ஆனால் நம் முறை வரும்போது, தொடுவதற்கு முன்னால் "சரிசெய்கிறேன்" என்ற பொருளில் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். தொட்ட பிறகு சொல்வது செல்லாது. 2016 மார்ச்சில் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா, அரோனியனுக்கு எதிராக ராஜாவைத் தொட்டுவிட்டுச் சரிசெய்வதாகச் சொல்லிப் பார்த்தார். அரோனியன் விடவில்லை. ராஜாவை நகர்த்த வேண்டி வந்தது, ஆட்டம் போனது. உலகத்தின் முன்னணி வீரருக்கே அந்த விதிதான்.

கேஸ்லிங் செய்யும்போது இன்னொரு நுணுக்கம். முதலில் ராஜாவைத் தொட வேண்டும், ஒரே கையால் செய்ய வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டுப் பிறகு ராஜாவைத் தொட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. நாம் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் மாற்றிவைத்துப் பழகியவர்கள். இப்போதே அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

கடிகாரம் என்னும் மூன்றாவது ஆள்

திண்ணையில் ஒருவன் டீ குடித்துவிட்டு வந்து யோசிப்பான். போட்டியில் இருவருக்கும் நடுவே கடிகாரம் இருக்கும். ஒருவருக்கு எல்லா நகர்வுக்கும் சேர்த்து 10 நிமிடம் அல்லது அதற்குள் என்றால் அது பிளிட்ஸ். 10 நிமிடத்துக்கு மேல், 60 நிமிடத்துக்குள் என்றால் ரேப்பிட். அதற்கு மேல் போனால் நீண்ட நேர ஆட்டம். (ஒவ்வொரு நகர்வுக்கும் விநாடி கூட்டிக் கொடுப்பார்கள் என்றால், அதை 60 நகர்வுக்குக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.)

காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அமுக்க வேண்டும். வலது கையால் நகர்த்தி, இடது கையைக் கடிகாரத்தின் மேலேயே வைத்திருக்கும் தந்திரம் நடக்காது. நகர்த்தாமலே கடிகாரத்தை அமுக்கினால் அது விதிமீறிய நகர்வாகவே கொள்ளப்படும். ஒரு நகர்வுக்கு இரண்டு கையையும் பயன்படுத்திக் கடிகாரத்தை அமுக்கினாலும் அப்படியே.

நேரம் முடிந்தால் தோல்வி. ஆனால் எதிரியால் எந்த வகையிலும் மேட் செய்யவே முடியாத நிலை, உதாரணமாக அவரிடம் ராஜா மட்டும்தான் இருக்கிறது என்றால், டிரா.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனாரே, அந்தப் போட்டியில் முதல் 40 நகர்வுக்கு ஒருவருக்கு 120 நிமிடம். பிறகு மீதி ஆட்டத்துக்கு 30 நிமிடம், 41-வது நகர்விலிருந்து நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். கடைசியான 14-வது ஆட்டத்தில் 55-வது நகர்வாக டிங் யானையை வைத்த இடம்தான் தவறாகப் போனது. அதைத் திரும்ப எடுக்க அவருக்கு வழியில்லை. நம் திண்ணையாக இருந்தால் "மாத்திக்கங்கண்ணே" என்றிருப்போம்.

எழுதி வைத்தல்

நீண்ட நேர ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் இருவரும் தாளில் எழுத வேண்டும். நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எட்டு ஆங்கில எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். ராஜா முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் ‘ஈ4’. இவ்வளவுதான் வித்தை. கிராஃப் தாளில் புள்ளி குறிக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு நாள் வேலை. நகர்த்திவிட்டு எழுத வேண்டும், முன்கூட்டியே எழுதக் கூடாது. ரேப்பிட், பிளிட்ஸ் ஆட்டங்களில் எழுதத் தேவையில்லை.

எழுதுவதைச் சுமையாக நினைக்காதீர்கள். மூன்று முறை ஒரே நிலை, 50 நகர்வு என்று டிரா கேட்பதற்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி.

தவறான நகர்வுக்கு என்ன தண்டனை?

செக்கைக் கவனிக்காமல் வேறு காய் நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கிவிட்டால் உடனே தோல்வி என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. முதல் முறை என்றால் நிலையைப் பழையபடி வைத்து, எதிரிக்கு 2 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். பிளிட்ஸில் 1 நிமிடம். இரண்டாம் முறை அதே ஆட்டத்தில் செய்தால்தான் தோல்வி. தொட்ட காய் விதி இங்கும் உண்டு. அந்தக் காயாலேயே செக்கைத் தடுக்க முடியுமானால் அதைத்தான் நகர்த்த வேண்டும்.

சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் தள்ளிவிட்டு, ராணியை வைக்காமல் கடிகாரத்தை அமுக்கினால் அதுவும் விதிமீறிய நகர்வு. ராணி கையருகே இல்லையென்றால் என்ன செய்வது? யானையைத் தலைகீழாக வைத்து "இது ராணி" என்பது நம் ஊர்ப் பழக்கம். 2017-ல் கனடா நாட்டுச் சாம்பியன் போட்டியின் முடிவு ஆட்டத்தில் நோரிட்சின் என்ற வீரர் இதையே செய்தார். வெட்டுப்பட்ட ராணி எதிராளி சம்புயெவின் கையில் இருந்ததால் மேசையில் கண்ணுக்குப் படவில்லை. நடுவர் அதை யானை என்றே தீர்ப்புச் சொன்னார். ஆட்டமும் பட்டமும் சேர்ந்தே போயின. சரியான வழி: கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம் ராணி கேட்பது. அதற்கு விதியில் இடம் இருக்கிறது.

கையை உயர்த்துங்கள்

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

எங்கள் சந்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அம்மா பூக் கட்டி விற்பவர். திண்ணையில் பெரியவர்களையெல்லாம் தோற்கடிப்பான். போன வருடம் ஒரு ரேப்பிட் போட்டிக்கு 300 ரூபாய் கட்டிச் சேர்ந்தான். அந்த 300-க்கு அவன் அம்மா எத்தனை முழம் தொடுத்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் துணைக்குப் போயிருந்தேன். நாலாவது சுற்றில் தம்பி ஒரு குதிரை அதிகமாக வைத்து நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த பையன் பயிற்சி மையத்தில் படிப்பவன். அவன் பிஷப்பைக் கையில் எடுத்தான், பார்த்தான், அதை வைத்தால் யானை போய்விடும் என்று தெரிந்ததும் திரும்ப வைத்துவிட்டு ராணியை நகர்த்தினான். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான். ஒன்றும் சொல்லாமல் அடுத்த காயைத் தொட்டான்.

வேடிக்கை பார்ப்பவர் ஆட்டக்காரரிடம் வாய் திறக்கக் கூடாது. விதிமீறலைக் கண்டால் நடுவரிடம் மட்டும் சொல்லலாம். நான் நடுவரைத் தேடினேன். அவர் மண்டபத்தின் மறுகோடியில் வேறு பலகையில் இருந்தார். அதற்குள் தம்பி தன் காயைத் தொட்டாகிவிட்டது. எதிரி தொட்டு மாற்றியதைப் பற்றி முறையிட வேண்டுமானால் நாம் நம் காயைத் தொடுவதற்கு முன்பே முறையிட வேண்டும். தொட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். தம்பி அந்த ஆட்டத்தில் தோற்றான்.

வெளியே வந்து கேட்டேன். "அவன் மாத்தி வச்சான்னு தெரியும்ணே. ஆனா அவங்க இங்கிலீஷ்ல பேசிட்டிருந்தாங்க. நம்ம ஏதாச்சும் சொல்லி, அப்படி விதி இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்றான்.

இந்தப் பதிலை நான் மறக்கவில்லை. நம்மில் பலருக்கு இது தெரிந்த பதில்தான். எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்தபோது எந்தப் படிவம், எந்தச் சான்றிதழ், யாரிடம் கேட்பது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்தில் நின்ற பையனுக்கு அவன் அண்ணன் எல்லாவற்றையும் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தான். அவன் என்னைவிடப் புத்திசாலி என்று அர்த்தமில்லை. விதி அவன் வீட்டுக்குள் முன்பே வந்திருந்தது, அவ்வளவுதான். செஸ்ஸிலும் அதே கதை. பயிற்சிக்குப் போகிறவனுக்கு விதி காதிலேயே விழுந்துவிடும். திண்ணையில் கற்றவன் தேடிப்போய்ப் படிக்க வேண்டும்.

பேசாமல் விட்டது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் நடந்திருக்கிறது. 1994-ல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் காஸ்பரோவ் தன் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, கையை எடுத்து, மீண்டும் எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். எதிரில் 17 வயது யூதித் போல்கர். உலகின் முதல் நிலை வீரருக்கு எதிராக அந்தப் பெண் அப்போது முறையிடவில்லை. ஆட்டத்தில் தோற்றார். கை விலகியதை வீடியோப் பதிவு பிற்பாடு காட்டியது. ஆனால் முடிந்த ஆட்டம் முடிந்ததுதான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1974-ல் மாஸ்கோவில் கார்ப்போவுடன் நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியில் கோர்ச்னாய் எழுந்துபோய் நடுவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "என் யானை தாக்குதலில் இருக்கிறது, கேஸ்லிங் செய்யலாமா?" நாம் மேலே மூன்றாவது எண்ணில் பார்த்த அதே சந்தேகம்! செய்யலாம் என்று தெரிந்துகொண்டு வந்து செய்தார். உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் அளவுக்கு ஆடியவர் கேட்பதற்கு வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆகவே செய்ய வேண்டியது இது. சந்தேகம் வந்தால் எந்தக் காயையும் தொடாதீர்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள். கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். "சார், இவர் பிஷப்பைத் தொட்டார், மாற்றிவிட்டார்" என்று சொல்ல இங்கிலீஷ் தேவையில்லை. எதிரியோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். எதிரி ரேப்பிட்டில் விதிமீறி நகர்த்தினாலும் உங்கள் அடுத்த நகர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவரும் கவனிக்காமல், நீங்களும் சொல்லாமல் விட்டால் அந்தத் தவறான நகர்வு அப்படியே நிலைத்துவிடும்.

அந்தத் தம்பிக்கு நான் விதிகளை அகராதி வைத்துக்கொண்டு தமிழில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பக்கம் வந்தது. சிம்மக்கல்லிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, மேசை இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து முடித்தேன். அடுத்த போட்டியில் அவன் ஒருமுறை கையைத் தூக்கினான். அந்த ஆட்டம் டிராதான் ஆனது. ஆனாலும் வரும்போது பஸ்ஸில் நடுவர் வந்து தான் சொன்னதைக் கேட்டதைத்தான் பேசிக்கொண்டு வந்தான்.

போன், பேன்ட் முதலியன

ஆட்ட நேரத்தில் நடுவர் அனுமதிக்காத எந்த மின்னணுச் சாதனமும் வைத்திருக்கக் கூடாது. 2002-ல் 18 வயதில் ஃபிடே உலக சாம்பியன் ஆன பொனமாரியோவ், 2003 ஐரோப்பிய அணிப் போட்டியில் போன் அடித்ததால் ஆட்டத்தை இழந்தார். செல்லை அணைத்து வெளியே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். உடைக் கட்டுப்பாடு உள்ள போட்டிகளும் உண்டு. 2024 டிசம்பரில் நியூயார்க் உலக ரேப்பிட் போட்டியில் ஜீன்ஸ் அணிந்து வந்த கார்ல்சனுக்கு 200 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு அந்தப் போட்டியிலிருந்தே விலகினார். நாம் அறிவிப்புத் தாளைப் படித்துவிட்டுப் போனால் போதும். எத்தனை நிமிடம் தாமதமானால் தோல்வி என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

டிரா கேட்பதற்கும் முறை உண்டு. நகர்த்த வேண்டும், டிரா கேட்க வேண்டும், பிறகு கடிகாரத்தை அமுக்க வேண்டும். நிமிடத்துக்கொரு முறை "டிராவா? டிராவா?" என்று நச்சரிப்பது எதிரியைத் தொந்தரவு செய்த குற்றமாகும்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

திண்ணைச் செஸ்ஸை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பேச்சும் சிரிப்பும் "குதிரைய எடுறா" என்று பின்னால் நின்று நாலு பேர் கத்துவதும் இல்லாவிட்டால் எனக்கு செஸ்ஸே வந்திருக்காது. அது அப்படியே நடக்கட்டும். ஆனால் போட்டி என்று பெயர் வைத்து நாம் நடத்தும்போது போட்டி விதியில் நடத்துவோம். அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவுக்குப் பேரவை இவற்றைச் செய்யலாம்:

- முக்கிய விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஒரு வாரம் முன்பே எல்லாத் துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவது.
- நான்கு கடிகாரமாவது வாங்குவது. அதுவரை செல்போன் கடிகாரச் செயலியை நடுவர் பொறுப்பில் வைப்பது.
- ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கூடுதல் ராணி வைப்பது.
- ஆடாத ஒருவரை நடுவராக நியமிப்பது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் அவர் விதிகளை வாசிப்பது.
- "சந்தேகம் இருந்தால் கையை உயர்த்தவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது.

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நம் மாநிலமே செஸ் செஸ் என்று பேசியது. சுவரெல்லாம் குதிரைமுகத் தம்பி வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பேச்சு பள்ளிக்கூடம், விடுதி, திண்ணை என்று கீழே இறங்க வேண்டுமானால் விதிப்புத்தகமும் கூடவே இறங்க வேண்டும்.

ஆட்டத்தில் திறமை கூடக் கூட ஜெயிப்போம். அது காலம் எடுக்கும். விதியைத் தெரிந்துகொள்ள இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். என் நோட்டு விடுதியில் பதினோராம் எண் அறையில் இருக்கிறது. வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

பலகையில் சந்திப்போம்.